குழலின் அடிப்பக்கம்

பழைய துப்பாக்கி ஒன்றைக் கையில் வாங்கினால், உள்ளே மருந்து கிடக்கிறதா என்பதைத்தான் வெள்ளியங்கிரி முதலில் பார்ப்பான். குழலின் வாய் வழியாக இடிகம்பியை விடுவான். அது அடியில் போய்த் தட்டியதும் வாயோரத்தில் கட்டைவிரலால் அடையாளம் பிடித்துக்கொண்டு, கம்பியை உருவி வெளியே குழலின் மேலேயே வைத்து அளப்பான். கம்பியின் நுனி பின்கோடி வரைக்கும் எட்ட வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தால், எப்போதோ யாரோ போட்ட மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருக்கிறது. ஒருமுறை, முப்பது வருஷம் வரவேற்பறைச் சுவரில் தொங்கிய துப்பாக்கியை இப்படி அளந்துவிட்டு, குறைந்த இரண்டு விரற்கடையைக் காட்டி, மெதுவாக மேஜைமேல் வைத்தான். விற்க வந்தவர் அதன் குதிரையை, விசையை அழுத்தினால் விழுந்து மருந்தைப் பற்ற வைக்கும் அந்தச் சுத்தியலை, ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

டெக்சஸில் ஜார்ஜ்டவுன் என்ற ஊருக்கு மேற்கே இருந்த கருமருந்து கிளப்பில் அவனுக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அந்த கிளப்பில் தோட்டா போடும் துப்பாக்கிகள் கிடையாது. ஒவ்வொரு முறையும் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, கம்பியால் அடிவரை தள்ளி இறக்கிவிட்டுத்தான் சுட வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு குண்டு சுட்டாலே பெரிது. உறுப்பினர்கள் பெரும்பாலும் வயசான டெக்சஸ்காரர்கள். பழைய துப்பாக்கி வாங்கப் போகும்போது, "வெல், கொஞ்சம் கூட வா" என்று பெயரைச் சுருக்கி அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள்.

அவனுடைய கண் அப்படி. கோயமுத்தூரில் உலோகவியல் படித்து, பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பில் விரிசல் பார்க்கும் வேலையில் நாலு வருஷம் இருந்தவன். இங்கே ஆஸ்டினில் ஒரு சிப் கம்பெனியின் லேபில், உடைந்து போன பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. "உம்பட ஊட்டுக்காரருக்குக் குத்தம் கண்டுபுடிக்கறதுக்கே சம்பளமாமே?" என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு அத்தை போனில் கேட்டபோது, அவன் மனைவி வசந்தாமணி, "ஊட்லயும் அதையேதான் பண்றாருங்கத்தை, இங்க சம்பளம் இல்லாம" என்றாள்.

மரிய அந்தோணி ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில், வெள்ளியங்கிரி இருந்த அதே அபார்ட்மென்டில் கீழ்த்தளத்தில் இருந்தான். நாகர்கோவில்காரன், சாப்ட்வேர். அவன் மனைவி அல்போன்சா, ஆறு வயது மகள் பிரீத்தா. இரண்டு குடும்பமும் ஹூஸ்டன் போனால் ஒன்றாகத்தான் போகும், அங்கே இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் ஒன்றாகத்தான் சாப்பிடும். இரண்டாயிரமாவது வருஷம் கோடையில் ஒருநாள் வெள்ளியங்கிரியோடு கிளப்புக்கு வந்தவன், ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டு, புகை கலையும்வரை அப்படியே நின்றான்.

"ஆபீஸ்ல ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வருது மக்கா. இங்க ஒரு சத்தத்துக்கு இவ்வளவு வேலை. எனக்கும் ஒண்ணு பாரு."

விசா கையில் வைத்திருப்பவனுக்கு மற்ற துப்பாக்கிகளை வாங்குவது சட்டப்படி சிக்கல். இந்தப் பழைய வகைக்கு அந்தத் தொல்லை இல்லை என்று கிளப்பில் சொன்னார்கள். அக்டோபரில் பர்னெட் என்ற ஊர்ப்பக்கம் ஒரு மாட்டுப்பண்ணையில் விற்பனை என்று தகவல் வந்தது. இறந்துபோன ஒருவரின் சாமான்களை அவருடைய அக்கா மகன் ஷெட்டில் பரப்பி வைத்திருந்தான். கயிறு, சேணம், மண்வெட்டி நடுவில் ஒரே ஒரு துப்பாக்கி. அந்தோணி அதை எடுத்துத் தோளில் வைத்த மாதிரியிலேயே அவன் மனசில் அது இறங்கிவிட்டது தெரிந்தது.

வெள்ளியங்கிரி முறையாகத்தான் தொடங்கினான். கம்பியை விட்டு அளந்தான், காலி. பேனா டார்ச்சின் சின்ன பல்பைக் குழலுக்குள் இறக்கி, வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்சுவரில் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. வெள்ளைத் துணியைக் கம்பியில் மாட்டி உள்ளே தள்ளி இழுத்தான். துரு அரித்த குழலாக இருந்தால் துணி ஓரிடத்தில் பிடித்து இழுக்கும். இது வெண்ணெயில் போவது போலப் போய் வந்தது. குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்தி விசையை அழுத்தினான். விழவில்லை. எல்லாம் சரி. ஒன்றுதான் பாக்கி.

குழலையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்காகச் செருகிய ஒரு சின்ன ஆப்பு. அதைத் தட்டி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும், மரத்துக்குள் மறைந்திருக்கும் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

"இதை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டான்.

அக்கா மகன் தலையாட்டினான். மாமா வைத்த ஆப்பு, இருபது வருஷமாக அசையவில்லை, தட்டி மரம் பிளந்தால் யார் வாங்குவார்கள்? வாங்கிக்கொண்டு போய் என்ன வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளுங்கள் என்றான். பின்னால் தொப்பி வைத்த ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தோணி தமிழில் கேட்டான். "என்ன லே சொல்லுக? எடுக்கவா, விடவா?"

விற்பனைக்கு வந்திருந்த கிளப்காரர்கள் இரண்டு பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை வெள்ளியங்கிரி கவனித்தான். "நல்ல சரக்குடா. எடுத்துக்க. ஊட்டுக்குப் போய்க் கழட்டிப் பாத்துக்கலாம்."

வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு வசந்தாமணி எல்லோருக்கும் பணியாரம் சுட்டாள். அடுத்த வாரம் அவனுக்கு லேபில் ஆடிட். அதற்குள் அந்தோணி பத்து இருபது குண்டு சுட்டுவிட்டான். ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் ஐம்பது தாண்டியது. இவ்வளவு சுட்ட துப்பாக்கியை இனிமேல் கழற்றி என்ன பார்ப்பது என்று வெள்ளியங்கிரியும் விட்டுவிட்டான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெண்கள் இருவரும் பிரீத்தாவும் பின்னால் பெஞ்சில், காதடைப்பான் மாட்டிக்கொண்டு. அந்தோணியின் மூன்றாவது குண்டு. சத்தம் வேறு மாதிரி வந்தது. அடித்தொண்டையில் வர வேண்டியது சீறிக்கொண்டு வந்தது. புகைக்குள் அந்தோணி நின்றபடியே இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தன. மற்ற மூன்றும் இல்லை. அல்போன்சா முதலில் மகளின் கண்ணைத்தான் பொத்தினாள். ஆனால் பிரீத்தா பார்த்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, கிளப்பில் பாதுகாப்புக்குப் பொறுப்பான டெல்பர்ட் என்ற பெரியவர் துண்டுகளைப் பொறுக்கினார். குழல் நடுவில், இடது கை பிடிக்கும் இடத்தில் வெடித்திருந்தது. அவர் தலையை ஆட்டினார். இது தெரிந்த கதை: குண்டை மருந்து வரைக்கும் தள்ளாமல் நடுவழியில் விட்டால், அந்த இடத்திலேயே குழல் கிழியும். அதற்காகத்தான் எல்லோரும் கம்பியில் ஒரு கோடு போட்டு வைப்பது. அந்தக் கோடு வாயோடு வந்து நின்றால் குண்டு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆனால் உலோகம் படித்தவன் நீ. கொண்டுபோய் ஒரு தடவை பார்த்துவிடு" என்று சாக்கில் சுற்றி வெள்ளியங்கிரியிடம் கொடுத்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேபில் ஆள் இல்லாதபோது, கிழிந்த விளிம்பை மைக்ராஸ்கோப் கீழே வைத்தான். பார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடிப்பக்கத்தில், ஆப்பைத் தாங்கும் வளையத்துக்குப் பக்கத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு பழைய துளை. யாரோ வளையத்தை இடம் மாற்றப் போய், டிரில்லை ஆழமாக விட்டிருக்கிறான். உள்பக்கம் காகிதத் தடிமனுக்கு இரும்பு மிச்சம். துளையை ஈயப்பற்று வைத்து அடைத்து, மேலே கறுப்பு பூசி, ஆப்பை அடித்து மூடிவிட்டான். ஐம்பது தடவைக்கு மேல் தாங்கிய தகடு அன்றைக்குத் தாங்கவில்லை. உள்ளேயிருந்து வெளிச்சம் போட்டு எவ்வளவு பார்த்தாலும் இது தெரியாது. குழலைத் தூக்கித் திருப்பியிருந்தால், ஃபவுண்டரியில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்தோணியின் கை மூட்டையாகக் கட்டப்பட்டுத் தலையணைமேல் இருந்தது.

"பாத்தியா லே?"

"பாத்தேன்."

"கொற துப்பாக்கி மேலயா, எம்மேலயா?"

காரில் வரும்போது வெள்ளியங்கிரி வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்தான். வாய் வேறொன்றைச் சொன்னது. "குண்டு முழுசா எறங்கலைன்னு டெல்பர்ட் சொல்றாப்ல."

"டெல்பர்ட்ட விடு. நீ என்ன சொல்லுக?"

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது."

அந்தோணி கூரையைப் பார்த்துச் சொன்னான். "இருக்கும் மக்கா. கோடு வந்து நின்னுச்சா இல்லியான்னு எனக்கு ஓர்மையே இல்ல. தள்ளிட்டு இருக்கும்போ பிரீத்தா பின்னால நின்னு டாடின்னு கூப்பிட்டா. திரும்பிப் பாத்தேன். அப்பதான் விட்டிருப்பேன்." அவனே காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டான். வெள்ளியங்கிரி எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு பொய் தானாகவே நடந்தது. அவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டெல்பர்ட் கிளப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: கம்பியில் உள்ள கோட்டைப் பார்க்காமல் சுடாதே, நம்மில் ஒருவர் மூன்று விரலை இழந்தார். மார்ச் கூட்டத்தில் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி வெள்ளியங்கிரியைக் கேட்டார்கள். அவன் எழுந்து பேசினான். நன்றாகவே பேசினான், முடிந்ததும் கை தட்டினார்கள்.

அந்தோணி வீட்டில் இது வேறு மாதிரி நடந்தது. அல்போன்சா வாயை அடக்குகிறவள் இல்லை. சட்டைப் பட்டன் போட்டுவிடும்போதும், கறியை வெட்டித் தட்டில் வைக்கும்போதும், "ஒரு கோட்டப் பாக்க முடியல உங்களுக்கு. பாத்திருந்தா இப்ப நான் உங்களுக்கு நகம் வெட்டிட்டு இருக்க வேண்டாம்" என்பாள். ஏப்ரலில் அந்தோணி வேலை செய்த பிரிவையே கம்பெனி மூடியது. விசா அந்த வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் அதுவும் போகும். அந்த வருஷம் எல்லா இடத்திலும் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். போன இரண்டு இன்டர்வியூவிலும் முதலில் கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தார்கள் என்று வந்து சொன்னான். ஊருக்குத் திரும்புவது என்று முடிவானது.

மே மாதம் ஒருநாள் வசந்தாமணி பிரீத்தாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தமிழில் கேட்பதைப் புரிந்துகொள்ளும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான். அன்றைக்கு அதுவாகவே கேட்டது. "ஆன்ட்டி, இஸ் இட் பிகாஸ் ஐ ஆஸ்க்ட் ஃபார் ஜூஸ்?"

வசந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளியங்கிரி ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள். "அந்தப் புள்ள, ஜூஸ் கேட்டுக் கூப்பிட்டதுனாலதான் அப்பனுக்குக் கை போச்சுன்னு நெனச்சுட்டு இருக்குதுங்க. நம்ம என்னத்தச் சொல்லி அத மாத்தறது?"

அவன் ஷூவைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். துளை, ஈயப்பற்று, தட்டி எடுக்காத ஆப்பு, ஆஸ்பத்திரியில் சொன்ன பதில். வசந்தாமணி நின்றபடியே கேட்டாள்.

"இப்பவே போய்ச் சொல்லிப்போடுங்க."

"சொல்றேன்."

"இப்பங்கறேன்."

அவன் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சோறு போட்டாள், பேசவில்லை. இரண்டு தடவை கீழ்த்தளம் வரை இறங்கி, உள்ளே டிவி சத்தம் கேட்டதும் திரும்பி வந்தான். டிக்கெட் எடுத்தாயிற்று என்று கேள்விப்பட்ட பிறகு, கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை காலையில்தான் கதவைத் தட்டினான்.

வீடு காலியாக இருந்தது. நடுவில் நாலு சூட்கேஸும் எடை பார்க்கும் மெஷினும். அந்தோணி ஒரு கையால் டேப் ஒட்ட முயன்றுகொண்டிருந்தான். வெள்ளியங்கிரி முனையைப் பிடித்துக் கொடுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். சொல்லும்போது குரல் லேபில் ரிப்போர்ட் வாசிக்கும் குரலாக இருந்தது. வேறு குரல் வரவில்லை.

அந்தோணி டேப்பைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் கோடு வரைக்கும் தள்ளினேனா?"

"தள்ளியிருப்படா. நீ எப்பவும் தள்ளுவ."

"மூணு மாசத்துக்கு மேல ஆச்சு லே. கண்ண மூடினா நான் அந்தக் கம்பியத் தள்ளிட்டே இருக்கேன். எறங்க மாட்டேங்கு. நீ அன்னைக்கு நாலு வார்த்த சொல்லியிருந்தா போதும்." அவன் கத்தவில்லை. "துப்பாக்கியப் பாக்காம விட்டத நான் ஒண்ணும் சொல்லல. நானும்தான் அவசரப்பட்டேன். அது வேற. ஆஸ்பத்திரியில நான் உன்னக் கேட்டேன்லா?"

"கேட்ட."

"அவ உள்ள இருக்கா. போய்ச் சொல்லு."

அல்போன்சா சமையலறையில் மிச்சமிருந்த மசாலாவைக் குப்பைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவன் முதல் இரண்டு வாக்கியத்தைச் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நின்றான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஹாலில் கணவன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

"அண்ணே, நான் இவ்வளவு நாளா அவரப் பேசின பேச்செல்லாம் இருக்கே. அத இனி நான் என்ன செய்ய?"

பையைக் கட்டிக்கொண்டே, "நீங்க போங்க" என்றாள்.

பிரீத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தோணியே சொன்னான். துப்பாக்கி கெட்ட துப்பாக்கி, நீ கூப்பிட்டதால் இல்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னான். குழந்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. "ஓகே டாடி" என்றது. கொஞ்சம் பொறுத்து, "ஐ வோன்ட் கால் யூ வென் யூ ஆர் பிஸி, ஐ ப்ராமிஸ்" என்றது.

ஏர்போர்ட்டுக்கு அவர்களைச் சர்ச்சிலிருந்து வேறு யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெள்ளியங்கிரி டெல்பர்ட்டிடமும் உண்மையைச் சொன்னான். பெரியவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். நீ விற்றவன் இல்லை, டிரில் போட்டவன் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். பலகையில் இருந்த அறிவிப்பை எடுக்கலாமே என்று இவன் கேட்டதற்கு, அதில் இருக்கும் எச்சரிக்கை எப்படியும் நல்ல எச்சரிக்கைதானே, இருக்கட்டும் என்றார். அது இருந்தது. வெள்ளியங்கிரி கிளப்புக்குப் போவதை நிறுத்தினான். அதற்குப் பிறகும் இரண்டொருவர் போன் செய்தார்கள். ஒரு துப்பாக்கி இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று. முடியாது என்றான். அவர்கள் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் வசந்தாமணி போன் கார்டு வாங்கி நாகர்கோவிலுக்குப் பேசினாள். அல்போன்சா எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதத் தெரியாததால் பிரீத்தாவை ஒரு வகுப்பு கீழே போட்டுவிட்டார்கள், வீட்டில் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்கிறாள், அந்தோணிக்கு ஒரு சினேகிதரின் கடையில் கணக்குப் பார்க்கும் வேலை சொல்லியிருக்கிறது, இன்னும் உறுதியில்லை என்றெல்லாம் சொன்னாள். பிறகு வசந்தாமணி ரிசீவரை வெள்ளியங்கிரியிடம் நீட்டினாள். அந்தப் பக்கமும் கை மாறியது.

"சொல்லுங்க" என்றான் அந்தோணி. "நல்லா இருக்கீங்களா?"

வெள்ளியங்கிரிக்கு ஒரு நிமிஷம் யாரோ வேறு ஆள் எடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. "நல்லா இருக்கேன். கை எப்பிடி இருக்குது?"

"இருக்கு. அக்கா நல்லா இருக்காங்கதான?"

"இருக்காங்க."

அங்கே மழை பெய்கிறது என்றான் அந்தோணி. இங்கே நூறு டிகிரிக்கு மேல் என்றான் இவன். கார்டில் இன்னும் பல நிமிஷம் மிச்சம் இருந்தது. "சரிங்க, வைக்கட்டா?" என்று அந்தோணிதான் முதலில் கேட்டான்.